அரிசிக் கார்டில் மூன்றாவது பெயர்

ஸ்ரீவராகத்தில் நான் தங்கியிருந்த வீட்டில் பேச ஆளில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு பேர் இருந்தார்கள். மாமா ரிஜிஸ்திரார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். மாமி சமையல்கட்டை விட்டு வாசல் பக்கம் வருவதே அபூர்வம். எனக்கும் அவர்களுக்கும் உறவு ஒன்றும் கிடையாது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் எழுதிக் கேட்டதன் பேரில் தெருவைப் பார்த்த அறையை எனக்கு விட்டிருந்தார்கள். மாமா, மாமி என்று கூப்பிட்டேன். அதற்குமேல் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

யுத்த காலம் அது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் ராணுவக் கணக்கு ஆபீஸ்களில் வேலைக்குப் போனார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். நான் ஒருத்தன்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு இந்தப் பக்கம், மலையாளச் சீமைக்கு, ஆராய்ச்சி பண்ண வந்தேன். அதுவும் என்ன ஆராய்ச்சி? நகரசபை நிர்வாகம். நாடே சுயராஜ்யம் பேசிக்கொண்டிருந்தபோது, தெருவில் குப்பை அள்ளுவது யார் பொறுப்பு என்று கண்டுபிடிக்க வந்த மகானுபாவன். "படித்து முடித்தால் என்ன உத்தியோகம்?" என்று அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பார். ஒரு கடிதத்திலும் நான் அதற்குப் பதில் எழுதியதில்லை.

வந்த சில மாதங்களில் பேராசிரியர் விஷயத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டார். பர்மா அரிசி நின்றுபோய் ஊரெங்கும் ரேஷன் கார்டு வந்திருந்தது. ஒவ்வொரு வார்டிலும் யார் யாருக்கு அரிசி என்ற பட்டியலை எப்படித் தயாரிக்கிறார்கள், அது எவ்வளவு தூரம் உண்மை, அதைப் பார் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் என்னிடம் சிரித்துப் பேசியதே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை நான் எழுதிக்கொண்டு போவதைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பித் தருவார். மற்ற நாட்களில் வார்டு ஆபீஸில் தூசியைத் தின்றுகொண்டு பேரேடுகளைப் பார்ப்பேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் மலையாளத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போனதும் நிறுத்திவிடுவார்கள். என்னை மேலிடத்து ஆள் என்று நினைத்தார்களோ என்னவோ.

பிறகு வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். இரண்டே கேள்விகள். கார்டில் எத்தனை பேர், வீட்டில் எத்தனை பேர். கேள்வி இரண்டானாலும் கிடைத்த பதில்கள் இருக்கிறதே, அப்பப்பா. கரமனையில் அடுத்தடுத்து மூன்று வீடுகளில் ஒரே பெண் குழந்தையை எனக்குக் காட்டினார்கள். கொல்லை வழியாக அவள் என்னைவிட வேகமாக ஓடியிருக்கிறாள். மூன்றாவது வீட்டில் மூச்சு வாங்க நின்றுகொண்டு, "நான் வேற" என்று அவளே சொன்னாள். இன்னொரு வீட்டில், செத்து ஒரு வருஷமான மாமியாருக்கு இன்னும் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டால், "அவங்க ஸ்தானத்துல காக்காய்க்குப் போடறோமே" என்றார் அந்த வீட்டு மருமகள். அதையும் எழுதிக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் சாயங்காலம் யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நெஞ்சு துடிக்கும். முன் அறையில் மாமா பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருப்பார். நான் எதிரே நாற்காலியில் உட்காருவேன். "மழை வரும் போலருக்கு" என்பார். "ஆமாம் மாமா" என்பேன். அதோடு சரி. பெரியவரிடம் வலியப் போய் வாயாடக்கூடாது என்று என்னை வளர்த்திருந்தார்கள். வேற்று மனுஷனிடம் வீட்டு விஷயம் பேசக்கூடாது என்று அவரை வளர்த்திருந்தார்கள் போலிருக்கிறது. இப்படியே ஒரு வருஷம் மழையைப் பற்றிப் பேசினோம். அந்த ஊரில் மழைக்கும் பஞ்சமில்லை.

அவர்களுக்கு ஒரே மகன். ரங்கூனில் ஒரு கம்பெனியில் வேலை. ஜப்பான்காரன் உள்ளே வந்ததற்குப் பிறகு தகவல் இல்லை. இதை எனக்குச் சொன்னது மாமிதான், முதல் நாள் இலை போட்டபோதே.

"உனக்குன்னு தனிக் கார்டு வாங்கப் போனா மூணு மாசம் அலைய விடுவா. எங்க கார்டுல மூணு பேர். வந்துடுவான்னு அவன் பேரையும் எழுதி வச்சோம், அவன் பங்கு இருக்கு. அவன் வர வரைக்கும் நீ சாப்பிடு" என்றார்.

அப்படித்தான் அவனுடைய அரிசியை நான் சாப்பிட ஆரம்பித்தேன். அரிசி பற்றாத நாட்களில் மரச்சீனிக் கிழங்கு. அக்கம்பக்கம் தெரியாமலிருக்க மாமி கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அதை நறுக்குவார். எல்லா வீட்டிலும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு அதையேதான் நறுக்கிக்கொண்டிருந்தார்கள், அது வேறு விஷயம். பரிமாறும்போது மாமி சொல்லுவதெல்லாம் மகனைப் பற்றித்தான். அவனுக்கு மோர் கெட்டியாக இருக்க வேண்டும். அவனுக்குப் பாகற்காய் ஆகாது. எனக்குப் பாகற்காய் உயிர். அந்த வீட்டில் நான் இருந்த காலம் முழுவதும் அது கண்ணிலேயே படவில்லை.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டியல்களைப் பற்றிய அத்தியாயத்தை எழுதி முடித்தபோது அதில் ஏதோ குறைந்தது. செத்தவர்கள் பெயர், ஊரைவிட்டுப் போனவர்கள் பெயர், கடன் வாங்கிய குழந்தைகள், எல்லாம் இருந்தன. ஆனால் இவையெல்லாம் யாரும் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக்கூடிய பிழைகள். தலையை எண்ணினால் சரியாக வருவதும், ஆளைப் பார்த்தால் தவறாக இருப்பதுமான ஒரு வீடு இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். யோசிப்பானேன், அப்படி ஒரு வீட்டில்தானே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கார்டில் மூன்று பேர். வீட்டிலும் மூன்று பேர். மூன்றாவது பெயர் மட்டும் வேறு. அடிக்குறிப்பாக ஐந்து வரி எழுதினேன்.

பேராசிரியர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நிர்வாகம் என்பது என்ன என்று உனக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்திருக்கிறது" என்றார். ஒரு வருஷத்தில் அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "தெருவும் வீட்டு எண்ணும் வேண்டும். இடம் சொல்லாத உதாரணம் வெறும் வம்பு" என்றார். அங்கேயே பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்டிருந்தால் மாமா மாமியின் பெயர், கோத்திரம்கூட எழுதிக் கொடுத்திருப்பேன், அவ்வளவு பசி எனக்கு, ஒரு வார்த்தைப் பாராட்டுக்கு.

அத்தியாயத்தை அவர் உணவு வினியோக இலாகாவில் இருந்த தம் சிநேகிதருக்குப் படிக்கக் கொடுத்தார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆராய்ச்சி என்றால் அது யாருக்காவது பயன்பட வேண்டும் என்று நம்பியவர் அவர். பயன்பட்டது.

ஒருநாள் மத்தியானம் இரண்டு மணி இருக்கும். இன்ஸ்பெக்டர் ஒருவரும் குமாஸ்தா ஒருவரும் வந்தார்கள். மாமா பெஞ்சில் இருந்தார். நான் என் அறை வாசலில் நின்றேன். இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது நான் டைப் அடித்த காகிதம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சார் இவிடெயாணோ தாமசம்? இங்கேயா குடியிருக்கீங்க? நல்லா எழுதியிருக்கு சார். எங்க ஆளுங்க ரெண்டு வருஷம் நடந்தும் இது பிடிகிட்டலை" என்றார்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. கேட்காமலே சொல்லப்பட்ட ஒன்றைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் மரியாதைக்காரர். "சாமி பேடிக்க வேண்டாம். கேஸ் ஒண்ணும் இல்லை. மகனோட பேரை வெட்டிட்டு அதே வரியில சாரோட பேரை எழுதிடலாம். மூணு பேர் மூணு பேராவே இருக்கும். அரிசி குறையாது" என்றார். அதைவிட நேர்த்தியான தீர்வை நானே சொல்லியிருக்க முடியாது. "ஆனா பேரை வெட்டினா காரணம் எழுதணும். ரெண்டே கோளம்தான் இருக்கு, ரெண்டே கட்டம். ஊர் விட்டுப் போனதா, மரிச்சதா?"

மாமி நடை வாசற்படியருகே வந்து நின்றிருந்தார். வேற்று மனிதர்கள் முன்னால் அவர் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ரங்கூன்ல இருக்கான். வருவான்னு எழுதிக்கோங்கோ" என்றார்.

"அதுக்குக் கோளம் இல்லை அம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், மிகவும் மெதுவாக. பிறகு அவரே, ஊர் விட்டுப் போனது என்று எழுதி, காகிதத்தை மாமாவிடம் நீட்டினார். மேலே சொன்னது எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று அடியில் அச்சடித்திருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அடியில் அச்சடித்திருந்த வரியை விரலால் தொட்டு மறுபடி வாசித்தார். பிறகு இன்ஸ்பெக்டர் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன எழுதினேள்?" என்றார் மாமி.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குமாஸ்தா காகிதத்தை வாங்கிக்கொண்டான். எழுதியதை உரக்க வாசித்துச் சரிபார்ப்பது அந்த ஆபீஸ்களில் பழக்கம். அவன் பழக்கப்படி வாசித்தான். பெயர், வயது, மரணம், மாதம், வருஷம்.

ரங்கூனிலிருந்து கிளம்பி மலைவழியாக நடந்து வந்தவர்களோடு அவனும் வந்திருக்கிறான். வழியில் பேதி கண்டிருக்கிறது. கூட வந்து பிழைத்தவர் ஒருவர் மாமாவுக்கு எழுதிவிட்டார். தபாலாபீஸிலேயே கடிதத்தை வாங்கிப் படித்த மாமா, அதை மாமியிடம் காட்டவில்லை. பழைய சிநேகிதரைப் பார்க்கிறேன் என்று மாதாமாதம் அவர் போய்க்கொண்டிருந்தது திருவல்லத்துக்கு. அங்கே ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து மழையைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறார். இதெல்லாம் பின்னால் தெருக்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாமி கத்தவில்லை. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று கைகூப்பினார். பாவம், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. என் பெயரை எழுதிய கார்டைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது வரியில் அவன் பெயரை அடித்து, மேலே என் பெயர்.

அடுத்த நாட்களில் வீடு நிறைய ஆட்கள். நான் என் அறையில் இருந்தேன். என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். சாப்பிடும் வேளைக்கு யாராவது இலை போட்டுக் கூப்பிட்டார்கள். அது இப்போது என் அரிசிதான், சர்க்காரே எழுதிக் கொடுத்தது.

காரியங்கள் முடிந்த மறுநாள், கல்லூரிப் பக்கம் அறை பார்த்துவிட்டேன் என்று மாமாவிடம் சொன்னேன். சரி என்றார். மாமியிடம் விடைபெறப் போனேன். வாசலில் நிழல் தட்டியதும் ஒரு நொடி வெடுக்கென்று நிமிர்ந்து பார்த்தார். நான்தான் என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

வண்டி பிடிக்கிற முக்கு வரைக்கும் மாமா கூட வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வழியில் என் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். பேராசிரியர் புகழ்ந்தது, வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தது, எல்லாம். "என்னை மன்னிச்சுடுங்கோ மாமா. தெரியாம எழுதிட்டேன்" என்றேன்.

"எழுதினது தப்பில்லை. உள்ளதைத்தானே எழுதினே" என்றார். கொஞ்ச தூரம் நடந்தோம். "தெரு முழுக்க ஒவ்வொரு ஆத்துலயும் ஏறிக் கேட்டயே. எங்காத்துல மட்டும் கேக்கலையே, அது ஏன்?"

பெட்டியைக் கை மாற்றிக்கொண்டேன்.

"உன் எதிர்ல ஒரு வருஷம் உக்காந்திருந்தேன். இன்னிக்குக் கேப்பான், நாளைக்குக் கேப்பான்னு பார்த்துண்டேதான் இருந்தேன். உன் பிள்ளை எங்கே மாமான்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டா. உன்கிட்டயாவது சொல்லியிருப்பேன்."