சைக்கிளுக்குக் குனிந்தவர்

மலாயாவில் லிங்கிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர் பனைமர உயரம். ஜப்பான்காரன் காலத்தில் அதிகாரியைக் கண்டால் இடுப்பு வளையக் குனிய வேண்டும். தவறினால் கன்னத்தில் அறை விழும். இவரோ அதிகாரியின் சைக்கிள் தனியாக நின்றாலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, பயபக்தியோடு குனிவார். அவனுடைய நாய்க்கும் அதே மரியாதைதான். பார்க்கிற நாங்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவோம்.

ஒருநாள் அதிகாரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் இவரை அறைந்து கத்தினான். "நீ ஜப்பான் விரோதியாம். இனிமே செஞ்சா சயாம் ரயில்பாதை வேலைக்கு அனுப்பிடுவாராம்" என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி மொழிபெயர்த்தார். சயாமுக்குப் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பியதில்லை.

"ஏண்ணே, உங்களுக்கு இது தேவையா?" என்றேன்.

வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே, "குனியச் சொன்னானுங்க, குனியிறேன். எங்க நிறுத்தணும்னு சொல்லலையே லா!" என்றார்.

ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரத் துரை காரில் திரும்பி வந்தார். துரை இறங்கி பங்களாவுக்குள் போனதும், இவர் அந்தக் காலிக் காருக்கு முன்னால் நின்று நிதானமாகக் குனிந்தார்.

சாயங்காலமே, வண்டிக்காரர் கம்யூனிஸ்டாம் என்று அதே கிராணி எங்களிடம் சொன்னார்.

அந்த மனிதர் யாரையும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை.