லூர்து அண்ணாச்சியைக் கொன்ற எடிட்டர்

இன்று காலைப் பூசையில், உயிரோடிருக்கிற ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன்.

எங்கள் ஊர் மாதா கோயிலில், யார் யாருக்காகப் பூசை என்று சாமியார் வாசிக்கிற பூசைக்கருத்துகளை டைப் அடிப்பது நான்தான். மேலே இறந்தவர்களின் பெயர்கள், கீழே பிறந்தநாள்காரர்களின் பெயர்கள், நடுவில் ஒரு வரி இடைவெளி. அதுதான் எங்கள் வழக்கம்.

அந்த இடைவெளி நான் டைப் அடிக்கிற எடிட்டர் செயலிக்குப் பொறுக்கவில்லை. திரையில் ஒழுங்காகக் காட்டிவிட்டு, பிரிண்ட் எடுக்கும்போது இரண்டு பத்தியையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. இந்த ஆட்டோ ஃபார்மேட்டை ஏற்கெனவே இரண்டு முறை அணைத்திருக்கிறேன். ஒவ்வொரு அப்டேட்டிலும் அது தானாக உயிர்த்தெழுகிறது!

எட்டயபுரம் பக்கமிருந்து பூசை வைக்க வந்திருந்த சாமியாருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. "இவர்களுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம்" என்று எல்லாப் பெயர்களையும் வாசித்துவிட்டார். கடைசிப் பெயர் லூர்து அண்ணாச்சி. பிறந்தநாள் புதுச்சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் சிரித்துவிட்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஏளா, செத்தவன்னு பேரு வாசிச்ச மனுசன நாளைக்கு எப்படி கடலுக்கு அனுப்புவேன்?"

அண்ணாச்சி நாளை கடலுக்குப் போகவில்லை. அவர் ஓட்டுகிற படகும் போகவில்லை.

எடிட்டர்காரர்களுக்குப் புகார் அனுப்பினேன். "உங்கள் பத்திகளை அழகாக்கவே இந்த வசதி" என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு அந்த எடிட்டரின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசைக்கருத்து கொடுக்கப்போகிறேன், கையால் எழுதி. வேறு எந்தச் செயலியின் பெயரையாவது சேர்க்க வேண்டுமா?