துரை பங்களாவின் கணப்பு

வீடு விற்றுக் கொடுக்கும் வேலையில் இருக்கும் என் பேரன், விலைக்கு வந்திருக்கும் பழைய துரை பங்களாவைக் காட்ட என்னைக் கூட்டிப்போனான். வெள்ளைச் சுவர், கறுப்பு மரச்சட்டம் எல்லாம் அப்படியே இருந்தன. வாசலிலேயே பழைய கணப்புப் புகை மணத்தது.

மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்தபோது, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாச் சாவியை அங்கே காவல் வேலை பார்த்த அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போனார். அத்தனை அறைகளும் பூட்டிக் கிடந்தன. தோட்டத் தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லயத்து வீடோ ஒழுகியது. குளிர்காய்ச்சலில் தங்கச்சிக்கு உதடு நீலமாகிவிட்டது.

"ஏங்க, பங்களாவத் தெறங்க. அங்க கணப்பு இருக்கு," என்றாள் அம்மா.

"நம்பிக் கொடுத்த சாவி, புள்ள."

"தொரை வந்தா பங்களா இருக்கும். நம்ம புள்ள இருக்குமா?"

அப்பா திறந்தார். கணப்பை மூட்டி எங்களை உட்காரவைத்துவிட்டு, தான் மட்டும் வெளியே மழையில் நின்றார். தங்கச்சி பிழைத்தாள்.

மறுநாள் மாரியம்மன் கோயிலில் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார்.

"எதுக்கு மன்னிப்பு? தெறந்ததுக்கா, தெறக்க யோசிச்சதுக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியல புள்ள. ஆத்தாளுக்குத் தெரியும்."

ஆத்தாள் எனக்கும் இன்றுவரை சொல்லவில்லை.

"உள்ள வாங்க தாத்தா. இப்ப சாவி எங்கிட்டதான் லா," என்று பேரன் சிரித்தான்.

செருப்பைக் கழற்றினேன். உள்ளே போவதா, அப்பா நின்ற இடத்திலேயே நிற்பதா என்று தெரியாமல் தூறலில் நின்றேன்.