மூன்று கூறும் இரண்டு உதிரியும்

உமாமகேஸ்வரி யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியவள் அல்ல. உயர்நிலை இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் எலுமிச்சையும் வெற்றிலையும் விற்கும் கடைக்கு வந்தவள். வாங்க வருபவர்களின் முகத்தைவிடக் கைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள்.

அன்று பிடோக் வட்டாரத்தில், மகள் ரக்ஷனாவின் பாலர் பள்ளியில் கொடுத்த தாளைப் படித்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. 'எண்ணும் திறன்: இன்னும் வரவில்லை.' அடுத்த மாதம் பிள்ளை தொடக்கப்பள்ளிக்குப் போகும்போது அந்தத் தாளும் கூடவே போகும்.

"பதினேழு பட்டன் கொடுத்தேன்க்கா," என்றாள் ஆசிரியை வித்யா. "ஒவ்வொண்ணா தொட்டு எண்ணணும். அவ அஞ்சஞ்சா குவிச்சு வச்சிட்டு சும்மா பாக்கிறா."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"பதினேழுன்னு சொன்னா."

"அது தப்பா டீச்சர்?"

"தப்பில்ல. ஆனா ஃபார்ம்ல தொட்டு எண்ணினாளான்னுதான் இருக்கு லா."

கடையில் எலுமிச்சையை ஐந்தைந்தாகக் கூறு கட்டி வைப்பார்கள். நடை பழகிய நாளிலிருந்து ரக்ஷனா அந்தக் கூறுகளுக்கு நடுவில்தான் வளர்ந்தாள். மூன்று கூறும் இரண்டு உதிரியும் அவள் கண்ணுக்கே பதினேழு. விரல் எதற்கு?

"இப்படித்தான் பாக்கணும்னு அரசாங்கம் சொல்லுதா?"

"இல்லக்கா. பிள்ளை எப்படி யோசிக்குதுன்னு பாருங்கன்னுதான் சொல்றாங்க. இந்த ஃபார்ம் எங்க சென்டர் போட்டது. டிக் பண்ண 'வந்துருச்சு', 'இன்னும் வரல'ன்னு ரெண்டே பெட்டி."

"யோசிக்கிறதுக்குப் பெட்டி இல்ல!"

உமாமகேஸ்வரி கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பையைக் குட்டி மேசைமேல் கவிழ்த்தாள். எலுமிச்சைகள் உருண்டன. "எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க."

வித்யா விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள். அவள் ஒன்பதில் இருந்தபோதே, அம்மாவின் பக்கத்தில் நின்ற ரக்ஷனா நாலு குவியலும் மூன்று உதிரியுமாகப் போட்டு முடித்துவிட்டாள். "இருபத்து மூணு. டீச்சர், இன்னும் முடிக்கலையா?"

வித்யாவின் முகம் சிவந்தது. "என்னால மாத்த முடியாதுக்கா. டிக் போட்டாச்சு."

"பேனா இருக்குல்ல?"

பெற்றோர் கையெழுத்துக்கு மேலிருந்த வெற்றிடத்தில் உமாமகேஸ்வரி தமிழிலேயே எழுதினாள்: 'பதினேழு சரியான விடை. அவள் ஐந்தைந்தாக எண்ணுவாள்.' பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"இதுவும் அவகூடப் போகணும். எனக்கு ஒரு நகல் குடுங்க."

வித்யா நகல் எடுக்கப் போனாள். அலமாரியில் மற்றப் பிள்ளைகளின் கோப்புகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குள்ளும் இதே இரண்டு பெட்டிகள்தான் இருக்கும். எலுமிச்சைகளைப் பையில் அள்ளிப் போடப் போட, உமாமகேஸ்வரிக்குக் கோபம் இன்னும் ஏறியது.