போக இடமில்லாத பயணிகள்

ரயில் கார்டு வேலை என்பது, வண்டி நின்றால் உள்ளே இருப்பவர்களிடமும் நிற்காவிட்டால் வெளியே இருப்பவர்களிடமும் திட்டு வாங்குகிற வேலை. கொடி பிடித்துப் பழகியவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் இரக்கப்படுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் எனக்கு இலங்கையில் தலைமன்னார் ரயில் பாதையில் வேலை. கப்பலில் வந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு காலை வண்டி மன்னார் பக்கம் புறப்படும். பேசாலைக்கு முன்னால் கடற்கரையோரம் ஒரு சிற்றூர். கோச்சி என்று ஊரார் சொல்லும் எங்கள் ரயில் அங்கே நிற்காது. அந்த ஊர் மதலேனா அக்காவின் புருசனுக்கு ஒருநாள் வயிற்றுக்குத்து வந்தது. மணலில் மாட்டுவண்டி புதையும் என்பதால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மன்னார் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். வழியில் கோச்சி அவர்களைக் கடந்து போனது. மனிதர் பேசாலை வரைகூட உயிரோடு போய்ச் சேரவில்லை.

அதன்பிறகு ஊரே திரும்பத் திரும்ப மனுக் கொடுத்ததில், கோச்சி அங்கே நின்றுபோக மூன்று மாதம் பரீட்சையாக ஒரு தரிப்புக் கொடுத்தார்கள். ஏற ஆளில்லாமல் ஒரு நாள் போனாலும் தரிப்பு எடுக்கப்பட்டுவிடும் என்பது நிபந்தனை.

வீட்டு முறை

சந்தியோகு என்றொரு மீனவர் ஏறினார், பேசாலையில் இறங்கினார், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். மறுநாள் இன்னொருவர், அதே கூத்து. அடுத்த நாள் ஒரு கிழவி, கையில் வெற்றிலைப் பை மட்டும். எனக்குத் தலை சுற்றியது.

பயணி ஏன் ஏறினார் என்று கேட்பது கார்டின் வேலையில்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? அடுத்தமுறை சந்தியோகைக் கண்டபோது கேட்டேவிட்டேன். கரைவலை இழுக்க வீட்டுக்கு வீடு முறை வைப்பது அவர்கள் வழக்கம். அதையே கோச்சிக்கும் வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அலுவல் ஒண்டுமில்லை ஐயா. இண்டைக்கு எங்கட வீட்டு முறை."

ஈரச் சாரம்

ஒருநாள் சூடை மீன் கூட்டமாகக் கரைக்கு வந்துவிட்டது. ஊரே வலைக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. முறைக்காரர் மட்டும் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து ஏறினார். இடுப்பில் கட்டிய சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது, உடம்பெல்லாம் செதில். பக்கத்தில் வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு கந்தோர் எழுத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்தோட அப்படி என்ன அவசரம்?" என்று சீறினார்.

நானும் சண்டை வரப்போகிறது என்று பயந்து நடுவில் போய் நின்றேன். மனிதர் சிரித்துக்கொண்டு வாசற்பக்கம் தள்ளி உட்கார்ந்தார்.

"கோவிக்காதேங்கோ தம்பி. மீன் நாளைக்கும் வரும், தரிப்பு வராது."

கழுதை

சோளகக் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில் தரிப்பில் ஒரு குருவியும் இல்லை. கொடியை விரிக்காமல் என்னால் முடிந்தவரை இருமினேன், மூக்கைச் சிந்தினேன், சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். எஞ்சின் டிரைவர் பொறுமையிழந்து ஊதலை இழுத்தார். கொடியைக் காட்டினேன், வேறு வழியில்லை. வண்டி நகரவில்லை.

எட்டிப் பார்த்தால், எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு கழுதை! மன்னார்க் கழுதை ஊதலுக்கு அசையுமா? டிரைவர் இறங்கி அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே காசிம் நானா மணலுக்குள்ளிருந்து மூச்சிரைக்க வந்து ஏறினார். கடை வைத்திருப்பவர், அன்று அவர் வீட்டு முறை. கழுதையும் அவருடையதுதான். "கழுதையையும் முறைக்கு விட்டிருக்கிறீரோ?" என்று டிரைவர் கத்தினார்.

"அல்லா காக்க, அதுக்கு முறையில்லை. அது தன்ர விருப்பத்தில நிக்குது."

துரை கேட்ட கேள்வி

தவணையின் கடைசி நாள் ரயில்வேப் பெரிய துரை நேரில் வந்து இறங்கினார். இந்த ஊரார் பேசாலையில் இறங்கிய கையோடு திரும்பி நடக்கிறார்கள் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். அன்று முறை மதலேனா அக்காவுக்கு. வெள்ளைச் சேலை, கையில் செபமாலை, வேறொன்றும் இல்லை. எங்கே போகிறாள் என்று துரை என்னைக் கேட்கச் சொன்னார். "சந்தைக்கு எண்டு சொல்லுங்கோ அக்கா," என்று நான் மெல்லக் காதைக் கடித்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. துரையை நேராகப் பார்த்தாள்.

"எனக்குப் போக ஒரு இடமும் இல்லை, துரை. என்ர மனுசனைத் தூக்கிக்கொண்டு போகேக்க கோச்சி நிக்கேல்லை. இனி ஆரையும் தூக்கிக்கொண்டு போற நாளில அது நிக்கவேணும். அதுக்குத்தான் சும்மா இருக்கிற நாளிலயும் ஏறுறம்."

இதைவிட நல்ல மனுவை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீசில் சொன்னேன். துரை தொப்பியைக் கழற்றினார். அந்த மணலை மன்னார் பக்கமாக வெகுதூரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன கார்ட், பார்த்துக்கொண்டு நிற்கிறீர்? அந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிடும்."

தரிப்பு நிலைத்தது; நானும் ஓய்வு பெறும்வரை எத்தனையோ அவசரக்காரர்களை ஏற்றி இறக்கினேன், ஆனால் போக இடமே இல்லாமல் ஏறியவர்களைப்போல ஒழுங்கான பயணிகளை, அந்தக் கழுதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வேறெங்கும் கண்டதில்லை.