கூரையைப் பார்த்த கண்ணாடி

லாமாசெகோ வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பத்து மூன்றாவது வயதில். ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. அவளுடைய ஒரே மகள் பொன்சிலேக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் மன்சினி நகர ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். மருமகன் கமெட்சே தன் பழைய வெள்ளைப் பிக்கப்பில் கூட்டிப்போய்க் கூட்டி வந்துகொண்டிருந்தான். ஆனால் அவனுக்கு சர்க்கரை ஆலையில் வேலை. ஏப்ரலில் அரைவை தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் வரை ஒரு நாளும் விடுப்பு கிடையாது. அதற்குள் வீட்டில் வேறு யாராவது லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். வீட்டில் இருந்ததோ லாமாசெகோ ஒருத்திதான். கமெட்சேயின் பக்கத்தில் தாய் தகப்பன் இல்லாததால், மனைவியை அவளுடைய தாய் வீட்டிலேயே விட்டிருந்தான்.

நான் பக்கத்து வீட்டுக்காரி. வியாழக்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு லாமாசெகோவும் நானும் இருபது வருடமாக ஒன்றாகத்தான் நடந்து போகிறோம். பொன்சிலேக்கு நான் சின்னம்மா.

சிக்கல் என்னவென்றால், கற்றுக்கொடுக்க இருந்தது மருமகன். எங்களில் மாமியாரும் மருமகனும் முகத்தோடு முகம் பார்ப்பதில்லை. அவன் வாசலில் வந்தாலே லாமாசெகோ சால்வையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிவிடுவாள். அவன் எதிரில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அவன் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர்கள் ஒரே இருக்கையில் தோள் உரச எப்படி உட்காருவது?

வழி கண்டுபிடித்தது பொன்சிலே. அவள் முன்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கமெட்சே பின்னால் சாமான் ஏற்றும் தட்டில் முழங்காலிட்டு, ஓட்டுபவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னலில் வாயை வைத்துக்கொண்டான். அவன் சொல்வதைப் பொன்சிலே அம்மாவிடம் சொல்வாள். அம்மா சொல்வதை அவனிடம் சொல்வாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்தான் இருந்தது.

மாடுகளுக்கு மருந்துக் குளியல் நடக்கும் தொட்டிக்குப் பக்கத்து மைதானத்தில்தான் பழகினார்கள். மருலா பழம் உதிர்கிற பிப்ரவரி மாதம். ஆடுகள் பழம் பொறுக்க வந்து சக்கரத்தடியில் நிற்கும். அவற்றை விரட்டுவது என் வேலை. அதனால் அவர்கள் பேசியதெல்லாம் என் காதில் விழும்.

"பொன்சிலே, இடது காலை மெதுவா எடுக்கச் சொல்லு."

"அம்மா, இடது காலை மெதுவா எடுக்கணுமாம்."

வண்டி தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளி அணைந்துபோகும்.

"மெதுவாத்தான் எடுத்தேன்னு சொல்லு."

"மெதுவாத்தான் எடுத்தாங்களாம்."

"அது மெதுவா இல்ல. என் பல்லு ரெண்டு ஆடுதுன்னு சொல்லு."

"அம்மா, உன் மருமகனுக்குப் பல்லு ஆடுதாம். நாளைக்குக் கறி மெல்ல முடியலேன்னா நீதான் மென்னு குடுக்கணும்."

"சீ, வாயை மூடு. அவர் காதுல விழப்போகுது."

"விழாம என்ன. ஜன்னலுக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கறாரு."

பின்னால் தட்டில் கமெட்சே சிரிப்பை அடக்க இருமுவான். லாமாசெகோ சால்வைக்குள் சிரிப்பாள். ஆடு விரட்டுவதை நிறுத்திவிட்டு நானும் சிரிப்பேன். பொன்சிலேயின் முகமும் கால்களும் அப்போதே வீங்கியிருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது அவளுக்கு. தாகம் எடுத்தால் ஒரு பாட்டில் மூடி அளவு ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்வாள். அப்படி நனைத்துக்கொண்டு மறுபடி செய்தி சொல்லத் தொடங்குவாள். "லைசென்ஸ் பரீட்சையை எனக்கு வைக்கலாம் சின்னம்மா. எல்லாத்தையும் நான்தானே ரெண்டு தடவை கேக்கறேன்," என்பாள்.

முதல் நாளே லாமாசெகோ ஒன்று செய்தாள். ஓட்டுபவருக்குப் பின்பக்கம் தெரிவதற்காக நடுவில் ஒரு கண்ணாடி இருக்கும் இல்லையா, அதில் பார்த்தால் சின்ன ஜன்னலில் இருக்கும் மருமகனின் முகம் நேராகத் தெரிந்தது. அவள் சட்டென்று அதைக் கூரைப் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

கமெட்சே ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு, "பொன்சிலே, அந்தக் கண்ணாடி வேணும்னு சொல்லு," என்றான்.

"வெளியில ரெண்டு கண்ணாடி இருக்கேன்னு சொல்லு. அது போதும்."

அதற்கு மேல் அவனால் என்ன சொல்ல முடியும்? என் முகத்தைப் பாருங்கள் என்று மாமியாரிடம் சொல்லும் மருமகன் உண்டா? விட்டுவிட்டான். அன்று சாயங்காலம் நான்கூட லாமாசெகோவிடம், "நல்ல காரியம் செஞ்சே. இந்தக் காலத்துல யார் இப்படி மரியாதை பாக்கறாங்க," என்று மெச்சினேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

ஆறு வாரத்தில் நன்றாகத்தான் ஓட்டினாள். மைதானத்தைச் சுற்றி வருவாள். மேட்டில் நிறுத்தி மறுபடி கிளப்புவாள். பின்னால் எடுக்கும்போது மட்டும் பொன்சிலே தலையை வெளியே நீட்டி, "வா, வா, போதும்," என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மா அதைக் கேட்டே எடுத்துவிடுவாள்.

மார்ச் கடைசியில் பரீட்சை. அதிகாரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் அண்ணாந்து பார்த்தாராம்.

"என்னம்மா, கூரையில ஓட்டை இருக்கான்னு பாக்கவா இதை வெச்சிருக்கீங்க?"

அவரே கையை நீட்டிக் கண்ணாடியை நேராக்கிவிட்டார். ரோட்டில் எல்லாம் சரியாக நடந்தது. கடைசியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுக்கச் சொன்னார். பின்னால் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பொன்சிலேயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கமெட்சே நின்றிருந்தான். கண்ணாடி நிறைய அவன் முகம்.

"குனிஞ்சுட்டேன்," என்று அன்று என்னிடம் சொன்னாள் லாமாசெகோ. "என் கண்ணு தானாக் கீழே போயிடுச்சு. அப்புறம் கம்பம் விழுந்த சத்தம்தான் கேட்டது."

அடுத்த தேதி மே மாதம் கடைசி புதன்கிழமை என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மாமியார் பின்னால் தட்டில் உட்கார்ந்ததால், கமெட்சே கண்ணாடியை மறுபடி கூரைப் பக்கம் திருப்பிவிட்டு ஓட்டினான். பொன்சிலே ஜன்னல் வழியாக அவளைப் பார்த்து, "ஏம்மா, அவர் முகத்துல கொம்பா முளைச்சிருக்கு?" என்று கேட்டாளாம். கேட்டுவிட்டுச் சிரித்தாளாம். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

ஏப்ரலில் அரைவை தொடங்கியது. பிக்கப்பை மாமியார் வீட்டில் விட்டுவிட்டுக் கமெட்சே ஆலைக்குப் போனான். தாயும் மகளும் செவ்வாயும் வெள்ளியும் வேனில் போனார்கள். எங்கள் வேன்கள் ஆள் நிறையாமல் கிளம்பாது. பொன்சிலே அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பாள். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். வரும்போதும் அப்படியே.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வேன் வழியில் பழுதாகி நின்றது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொன்சிலேயின் முறை போய், இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் வேறு ஒருவர் படுத்திருந்தார். மறுநாள் காலை முதல் ஆளாக வரச் சொன்னார்கள். சனிக்கிழமை விடிந்ததும் எங்கள் ஊர் சிபோஃபனேனி நிறுத்தத்தில் போய் வேனில் ஏறினார்கள். நானும் கூட ஏறினேன். பொன்சிலேக்கு மூச்சு வாங்கியது. ஓட்டுநர் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆள் நிறையாமலே வண்டியைக் கிளப்பினார். இன்னும் இரண்டு பேர் ஏற வேண்டியிருந்தது. ஆனால் வேன் ஆற்றுப்பாலத்துக்கு வருவதற்குள் மடியிலிருந்த தலை கனத்துவிட்டது என்று லாமாசெகோவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அவள்தான் சொன்னாள். நான் அதுவரை ஜெபம் செய்துகொண்டிருந்தேன்.

அந்த நேரமெல்லாம் பிக்கப் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. "சாவி என் இடுப்புலதான் இருந்தது," என்றாள். "லைசென்ஸ் இல்லையேன்னு பயந்தேன்." யாராவது ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மன்சினி பிணவறையிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இறந்தவளை அழைத்து வருபவர் காட்டு இலந்தைக் கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாலத்திலும் அவளிடம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். வேறு யாரோடும் பேசக் கூடாது. இல்லாவிட்டால் ஆவி வழி தவறிவிடும் என்பார்கள். அது கணவனின் பொறுப்பாயிற்று. அப்போது யார் ஓட்டுவது? வருவதாகச் சொன்ன ஆலை நண்பனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

துக்கப் பாயில் உட்கார்ந்திருந்த லாமாசெகோ எழுந்தாள்.

"நான் ஓட்டறேன்."

"பெத்தவ பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது, உக்காரு," என்றார்கள் பெரிய பெண்கள்.

போதகர் அவர்களைப் பார்த்து, "விடுங்க. மகளைக் கூட்டிட்டு வரப் போறாங்க," என்றார்.

மன்சினிக்குப் போகும்போது கமெட்சே ஓட்டினான். திரும்பும்போது பெட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டான். நான் பொன்சிலேயின் இடத்தில் உட்கார்ந்தேன். லாமாசெகோ சாவியைத் திருப்புவதற்கு முன் கையை உயர்த்தி, கண்ணாடியைக் கூரையிலிருந்து இறக்கினாள். தோளில் இருந்த சால்வையை நழுவ விட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகம் அதில் இருந்தது. தாடி மழிக்காத, கண் வீங்கிய முகம். அவள் குனியவில்லை.

அவன் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் முழங்காலிட்டிருந்தான், மைதானத்தில் இருந்தது போலவே.

"பொன்சிலே, கிளம்பறோம்."

வண்டி துள்ளாமல் கிளம்பியது.

"பொன்சிலே, இங்க இடது பக்கம் திரும்பறோம். பின்னால லாரி வருது, அது போகட்டும்."

லாமாசெகோ கண்ணாடியில் பார்த்தாள். லாரி போகும்வரை ஓரமாக நின்றாள். அவன் பொன்சிலேயிடம் சொல்லச் சொல்ல, இவள் செய்துகொண்டே வந்தாள். நடுவில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அது என் இடம் இல்லை. வழியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். இலந்தைக் கிளையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"பொன்சிலே, இது உசுத்து ஆறு. பாலம் ஏறப் போறோம். வேகத்தைக் குறைக்கலாம்."

பாலத்தில் லாமாசெகோ அழுதாள். கை ஸ்டியரிங்கை விடவில்லை. கண் ரோட்டுக்கும் கண்ணாடிக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

வாசலில் பெண்கள் பாடிக்கொண்டு நின்றார்கள். வாசல் கொஞ்சம் மேடு. வண்டியைப் பின்பக்கமாக உள்ளே எடுக்க வேண்டும், பெட்டியை இறக்க. வெளியே தலை நீட்டி வா வா என்று சொல்ல யாரும் இல்லை. கண்ணாடியில் பார்த்தபடி அவள் இரண்டு வாசல் தூண்களுக்கு நடுவே எடுத்து நிறுத்தினாள். எதிலும் படவில்லை.

கமெட்சே கிளையைப் பெட்டியின் மேல் வைத்தான்.

"பொன்சிலே, வீடு வந்துடுச்சு," என்றான். பிறகு, பழகிப்போன வாய், "ஹேண்ட் பிரேக் போடச் சொல்லு," என்றான்.

லாமாசெகோ இழுத்தாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போட்டாச்சுன்னு சொல்லு, பொன்சிலே."