ஏழாம் தரமும் எக்ஸும்

ஏழாம் தரத்துப் பிள்ளைகளிடம் நான் முதன்முதலாகக் கரும்பலகையில் ஒரு எக்ஸ் எழுதி, "இது என்ன?" என்று கேட்டபோது, முன்வாங்கில் இருந்த பிள்ளை அனுதாபத்தோடு பதில் சொன்னாள்.

"டீச்சர், இங்கிலிஷ் அடுத்த பீரியட்."

தெரியாக்கணியம் என்ற சொல்லை நான் எத்தனை விதமாக விளக்கினாலும் பிள்ளைகள் அதை அழகான எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டார்களே தவிர நம்பவில்லை. எனவே எஹலியகொடை டவுனிலுள்ள எங்கள் கடையில் வாப்பா ஒதுக்கிப் போட்டிருந்த பழைய தட்டுத் தராசையும் கொஞ்சம் டொஃபியையும் கேட்டு வாங்கினேன்.

"தராசு பத்திரம் மகள்," என்றார் வாப்பா. டொஃபியைப் பற்றி அவர் எச்சரிக்கவில்லை.

காலை பஸ்ஸில் தராசை மடியில் வைத்துக்கொண்டு போனேன். "மிஸ், கடயக் தானவத?" என்று கேட்டார் கொண்டக்டர். கடை போடவில்லை, கணக்குப் படிப்பிக்கப் போகிறேன் என்று சிங்களத்திலேயே சொன்னேன். ரப்பர் தோட்டத்துச் சந்தியில் இறங்கும்வரை என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வகுப்பில் தராசை மேசைமேல் நிறுத்தினேன். இடது தட்டில் வாய் கட்டிய துணிப்பை ஒன்று, பக்கத்தில் ஐந்து டொஃபி. வலது தட்டில் பன்னிரண்டு டொஃபி, பையின் பாரத்துக்கு ஈடாக அதே மாதிரி ஒரு வெறும் பை. தராசு நேராக நின்றது.

"பைக்குள்ள எத்தனைன்னு தெரியாது. அதுதான் எக்ஸ். பையைப் பிரிக்காம கண்டுபிடிக்கணும். ஒரு பக்கம் எடுத்தா மத்தப் பக்கமும் அதே அளவு எடுக்கணும். இல்லாட்டி தராசு சாயும்."

இரு பக்கமும் ஒவ்வொன்றாக எடுத்தோம். கடைசியில் இடது பக்கம் பை மட்டும், வலது பக்கம் ஏழு டொஃபி.

"எக்ஸ் ஏழு!" என்று வகுப்பே கத்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "விடை வந்தா மட்டும் போதாது, சரிபார்க்கணும்," என்று சொல்லி, எடுத்த டொஃபிகளை என் கைப்பைக்குள் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து அதிபர் வாசலில் தலையை நீட்டினார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கணித ஆலோசகர் வந்திருக்கிறாராம். நான் போய் அவரைக் கூட்டிவந்தேன், வழியெல்லாம் என் தராசைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டே.

உள்ளே வந்தால் வகுப்பு நான் அதுவரை கண்டிராத அமைதியில் இருந்தது. தராசு கொஞ்சமும் சாயாமல் நேராக நின்றது. இரண்டு தட்டிலும் வெறும் பைகள் மட்டும்.

ஆலோசகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு பிள்ளையைக் கேட்டார். "இந்தப் பையில எத்தனை இருக்கு?"

அவள் எழுந்தாள். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

"இப்பவா சேர், முந்தியா?"

நான் சுவரைப் பார்த்தேன். ஆலோசகர் என்னைப் பார்க்கவில்லை. "முந்தி," என்றார்.

"ஏழு சேர். பிரிச்சு சரிபார்த்தோம்."

"வலது தட்டுல இருந்தது?"

"அதுலயும் ஏழு எடுத்தோம் சேர். இல்லாட்டி தராசு சாஞ்சிடும்ல."

அவர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார். அவருடைய தோள்கள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு புதிய சமன்பாடுகள் எழுதினார். பிள்ளைகள் வாயைத் திறக்க முடியாமல் விரல்களால் விடை காட்டினார்கள். ஒரு விடைகூடப் பிழையில்லை.

அவர் போனதும் கோபமாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். "பதினாலு டொஃபி. நீங்க இருபத்தேழு பேர். எப்படிப் பங்கு போட்டீங்க?"

"காக்காக் கடி டீச்சர். சட்டைத் துணியில வச்சுக் கடிச்சு ஆளுக்குப் பாதி. மிஞ்சின பாதி, நீங்க வாறீங்களான்னு வாசல்ல நின்னு பார்த்தவளுக்கு."

அடுத்த பாடம் பின்னம். அதற்காக நான் ஒரு வாரம் ஒதுக்கி வைத்திருந்தேன்.